நாலில் மூன்று பேர்

"பிடிக்கிறார்கள், நாலு நாளில் ஜாமீனில் விட்டுவிடுகிறார்கள். பிறகு எப்படிக் குற்றம் குறையும்?" பட்டப்பகலில் ஒரு கொலை நடந்துவிட்டால் மறுநாள் காலைத் தேநீர்க் கடையில் தொடங்கி இரவுத் தொலைக்காட்சி விவாதம் வரை இந்தக் கேள்விதான் சுற்றிவருகிறது. இதற்குள் மூன்று கூற்றுகள் இருக்கின்றன. நம் நாட்டில் ஜாமீன் சுலபமாகக் கிடைத்துவிடுகிறது என்பது ஒன்று. ஜாமீனில் வந்தவர்கள் மறுபடியும் குற்றம் செய்கிறார்கள், அதனால்தான் குற்றம் பெருகுகிறது என்பது இன்னொன்று. மூன்றாவதுதான் வலுவானது: வழக்கு முடியப் பத்து வருடம் ஆகிறது, முடிந்தாலும் பாதிப்பேர் விடுதலையாகிவிடுகிறார்கள், ஆகவே தீர்ப்புக்கு முன்னால் உள்ளே வைத்திருக்கும் காலமாவது தண்டனையாக இருக்கட்டும். பிள்ளையைப் பறிகொடுத்து, வாய்தா வாய்தாவாக நீதிமன்றப் படியேறி அலைந்த பெற்றோர் இப்படிச் சொன்னால் அதைக் கொடூரம் என்று யாரும் சொல்ல முடியாது. அந்தக் கோபம் நியாயமானது. அந்தக் கோபத்துக்குத் தரப்படும் மருந்துதான் தவறு. அந்த மருந்து நோயை வளர்க்கிறது என்பதே என் வாதம்.

முதல் கூற்றை எடுத்துக்கொள்வோம். ஜாமீன் சுலபமாகக் கிடைக்கும் நாட்டின் சிறைகள் எப்படி இருக்க வேண்டும்? தண்டனை பெற்றவர்கள் அதிகமாகவும் விசாரணைக் கைதிகள் குறைவாகவும் இருக்க வேண்டும். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022ஆம் ஆண்டுச் சிறைப் புள்ளிவிவர அறிக்கை காட்டுவது நேர்மாறு. அந்த ஆண்டு டிசம்பர் 31 அன்று இந்தியச் சிறைகளில் இருந்தவர்கள் 5,73,220 பேர். அவர்களில் தண்டனை பெற்றவர்கள் 1,33,415 பேர்தான். விசாரணைக் கைதிகள் 4,34,302 பேர், அதாவது 75.8 விழுக்காடு. நாலு கைதிகளில் மூன்று பேர்மீது எந்த நீதிமன்றமும் குற்றம் உறுதியானதாகச் சொல்லவில்லை. இன்னொரு எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். நாட்டின் எல்லாச் சிறைகளிலும் சேர்த்து இருந்த மொத்த இடம் 4,36,266 பேருக்கு. தண்டனைக் கைதிகள் அத்தனை பேரையும் அன்று வெளியே அனுப்பியிருந்தாலும், விசாரணைக் கைதிகளை மட்டும் கொண்டே நாட்டின் சிறைகள் ஏறத்தாழ நிரம்பியிருக்கும்.

இது ஒருநாள் தலைக்கணக்கு, நீண்டகாலம் இருப்பவர்கள் இதில் கூடுதலாகத் தெரிவார்கள், பெரும்பாலோர் சில மாதங்களில் வந்துவிடுகிறார்களே என்று ஒருவர் எதிர்வாதம் வைக்கலாம். வாதம் சரி. அன்று உள்ளே இருந்த விசாரணைக் கைதிகளில் சுமார் மூன்றில் இரண்டு பங்கினர் வந்து ஓராண்டு ஆகாதவர்கள். ஆனால் 'ஓராண்டுக்குள்' என்பது யாருக்குச் சிறிய காலம்? மூன்று மாதம் வேலைக்கு வராத கட்டடத் தொழிலாளிக்கு அந்த வேலை காத்திருப்பதில்லை. வாடகை கொடுக்காத வீடு காத்திருப்பதில்லை. வட்டிக்கு வாங்கிய கடனும் காத்திருப்பதில்லை. ஐந்தாண்டுக்கு மேல் தீர்ப்பில்லாமல் இருந்தவர்களின் எண்ணிக்கையும் அதே அறிக்கையில் இருக்கிறது: 11,448 பேர்.

ஜாமீன் ஆணை வேறு, விடுதலை வேறு என்பது இந்த விவாதத்தில் வசதியாக மறக்கப்படுகிறது. நீதிபதி ஜாமீன் கொடுத்துவிட்டார் என்று செய்தி வரும். அதற்குப் பிறகு இரண்டு ஜாமீன்தாரர்கள் வேண்டும். அவர்களிடம் சொத்துவரி ரசீதோ வட்டாட்சியர் சான்றிதழோ இருக்க வேண்டும். சில வழக்குகளில் அவர்களில் ஒருவர் ரத்த உறவாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் சேரும். பிழைப்புக்கு வெளியூர் வந்தவருக்கு, பட்டா இல்லாத புறம்போக்கில் குடியிருப்பவருக்கு, யார் வந்து கையெழுத்துப் போடுவார்கள்? 1978இல் உச்ச நீதிமன்றத்துக்கு வந்த மோதிராம் வழக்கு இதற்குப் பழைய சாட்சி. மத்தியப் பிரதேசத்தைச் சேர்ந்த ஏழைக் கொத்தனார் அவர். கீழமை நீதிமன்றம் கேட்டது அந்தக் காலத்தின் 10,000 ரூபாய். அண்ணன் தம்பி உறவில் ஒருவர் ஜாமீன் நிற்க முன்வந்தும், அவருடைய சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று நிராகரித்தார்கள். நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் அந்த ஆணையை மாற்றி, 1,000 ரூபாய்க்கான சொந்தப் பிணையில் விடச் சொன்னார். மலையாளியோ தமிழரோ பஸ்தரில் கைதானால் உள்ளூர் ஜாமீனுக்கு எங்கே போவார் என்றும் அந்தத் தீர்ப்பில் கேட்டார். அதற்கு 44 ஆண்டுகள் கழித்து, 2022 நவம்பர் 26 அன்று, குடியரசுத் தலைவர் திரௌபதி முர்மு உச்ச நீதிமன்ற வளாகத்தில் நீதிபதிகள் முன்னால் ஏழைக் கைதிகளைப் பற்றிப் பேச வேண்டியிருந்தது. அதன் பிறகு நடந்த கணக்கெடுப்பில், ஜாமீன் கிடைத்தும் வெளியே வர முடியாதவர்கள் சுமார் 5,000 பேர் இருப்பதாகத் தேசியச் சட்டப் பணிகள் ஆணைக்குழு கண்டறிந்தது. ஆணை கையில் இருக்கிறது, கதவு திறக்கவில்லை. இந்த 5,000 பேர் உள்ளே இருந்ததற்குக் காரணம் அவர்கள்மேல் சொல்லப்பட்ட குற்றம் இல்லை. அவர்களுக்காகக் கையெழுத்துப் போட ஆள் இல்லாததுதான்.

இரண்டாவது கூற்றுக்கு வருவோம்: ஜாமீனில் வந்தவர்களால்தான் குற்றம் பெருகுகிறதாம். இதற்கு ஆதாரமாகக் காட்டப்படுவது எது? ஜாமீனில் வந்து மறுபடியும் குற்றம் செய்தவரைப் பற்றிய செய்தி. அப்படி ஒவ்வொரு செய்தியும் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் ஜாமீனில் வந்து, நிபந்தனைப்படி தினமும் காவல் நிலையத்தில் கையெழுத்துப் போட்டு, வாய்தாவுக்கு வந்துபோய், வேலைக்குத் திரும்பியவர் செய்தியாவதில்லை. நூறு பேரில் எத்தனை பேர் மீண்டும் குற்றம் செய்தார்கள் என்று தெரியாமல், செய்த ஒருவரை மட்டும் காட்டி நூறு பேரைப் பற்றி முடிவு கட்டுவதை எந்தக் கணக்காசிரியரும் ஒப்புக்கொள்ள மாட்டார். ஜாமீனில் வந்தவர்களில் எத்தனை விழுக்காட்டினர் தலைமறைவானார்கள், எத்தனை பேர் மறுபடியும் கைதானார்கள் என்று தேசிய அளவில் ஆண்டுதோறும் வெளியாகும் கணக்கு இந்தியாவில் இல்லை. இவ்வளவு உறுதியோடு பேசப்படும் ஒரு கருத்துக்கு அடிப்படைக் கணக்கே இல்லை என்பது சாதாரண விஷயமா? கணக்கு எடுத்த இடத்தில் என்ன கிடைத்தது என்று பார்க்கலாம். அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலம் 2017 தொடக்கத்தில் பணப்பிணையை ஏறத்தாழக் கைவிட்டது. 2015 முடிவுக்கும் 2018 முடிவுக்கும் இடையில் அங்கே விசாரணைக்காகச் சிறையில் இருந்தவர்களின் எண்ணிக்கை 44 விழுக்காடு அளவுக்குக் குறைந்தது. வெளியே இருந்தபோது புதிதாகக் கடுங்குற்றம் சாட்டப்பட்டவர்களின் பங்கு 12.7 விழுக்காட்டிலிருந்து 13.7 ஆனது. வாய்தாவுக்குத் தவறாமல் வந்தவர்களின் பங்கு 92.7இலிருந்து 89.4 ஆனது. சிறு இழப்பு இருக்கிறது, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் பாதிச் சிறையைக் காலி செய்தால் ஊர் பற்றி எரியும் என்ற பயத்துக்கு அந்த எண்களில் இடமில்லை. நியூ ஜெர்சி வேறு, நம் ஊர் வேறு என்பார்கள். வேறுதான். அப்படியானால் நம் ஊரில் அந்தக் கணக்கை எடுங்கள் என்று கேட்பதுதான் நேர்மையான அடுத்த படி.

சரி, குற்றம் பெருகுகிறதா? இந்தக் கேள்வியை யாரும் கேட்காமலே தாண்டிவிடுகிறார்கள். 2019இல் நாடு முழுதும் பதிவான குற்ற வழக்குகள் 51,56,158. 2020இல் அது 66,01,285 ஆயிற்று. ஒரே ஆண்டில் 28 விழுக்காடு உயர்வு. அந்த எண்ணை மட்டும் பார்த்தவர் நாடு கெட்டுப்போயிற்று என்றே நினைப்பார். ஆனால் அது ஊரடங்கு ஆண்டு. அரசு ஊழியரின் ஆணையை மீறியதற்கான வழக்குகள் சுமார் 29 ஆயிரத்திலிருந்து 6 லட்சத்துக்கு மேல் போயின. திருட்டும் கொள்ளையும் குறைந்த ஆண்டில் 'குற்றம்' 28 விழுக்காடு உயர்ந்தது. பதிவான வழக்குகளின் எண்ணிக்கை காவல் துறை எவ்வளவு பதிவு செய்தது என்பதைச் சொல்லும். எவ்வளவு குற்றம் நடந்தது என்பதற்கு அது மங்கலான கண்ணாடி. மறைக்கக் கடினமான குற்றம் கொலை, அதனால் அதைப் பார்ப்பதே மேல். 2012இல் 34,434 கொலை வழக்குகள், 2022இல் 28,522. மக்கள்தொகை கூடிய பத்தாண்டில் கொலை குறைந்திருக்கிறது. 2019 முடிவில் 3,30,487 பேராக இருந்த விசாரணைக் கைதிகள் 2022 முடிவில் ஒரு லட்சத்துக்கும் மேல் கூடி 4,34,302 ஆனார்கள். அதே மூன்றாண்டில் கொலை வழக்குகள் 28,918இலிருந்து 28,522 என்ற அளவில், ஏறத்தாழ நின்ற இடத்திலேயே நின்றன. இதை வைத்து மட்டும் எதையும் நிரூபித்துவிட முடியாது. ஆனால் உள்ளே அடைப்பதைக் கூட்டினால் குற்றம் குறையும் என்று சொல்பவர்கள்தான், ஒரு லட்சம் பேரைக் கூடுதலாக அடைத்ததில் என்ன கிடைத்தது என்று காட்டக் கடமைப்பட்டவர்கள்.

ரவுடிகளை என்ன செய்வது என்ற கேள்வி தமிழ்நாட்டில் உடனே எழும். இங்கே அதற்குக் கைவசம் குண்டர் சட்டம் இருக்கிறது. 1982இல் கள்ளச்சாராயக்காரர்கள், போதைப்பொருள் குற்றவாளிகள், குண்டர்கள் போன்றோருக்காகக் கொண்டுவரப்பட்ட சட்டம் அது. பிறகு திருத்தம்மேல் திருத்தமாக மணல் கடத்தல், திருட்டு விசிடி, இணையக் குற்றம் என்று நீண்டது. ஓராண்டு வரை விசாரணையின்றி அடைக்கலாம். ஏற்கெனவே சிறையில் இருப்பவர்மேல் இந்தச் சட்டம் பாய, அவர் ஜாமீனில் வெளிவர வாய்ப்பிருக்கிறது என்று ஆணையில் எழுத வேண்டும். நடைமுறையில் இது ஜாமீனுக்குப் போடும் பூட்டு. 2021, 2022 ஆண்டுகளின் அறிக்கைகளில் தடுப்புக் காவலில் மிக அதிகம் பேரை வைத்திருந்த மாநிலம் தமிழ்நாடுதான். 2011இல் இங்கிருந்து போன ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம், சாதாரணச் சட்டமே போதுமான இடத்தில் தடுப்புக் காவலைக் கையில் எடுக்கக் கூடாது என்று தெளிவாகச் சொன்னது. ஆட்கொணர்வு மனுக்களில் சென்னை உயர் நீதிமன்றம் இப்படிப்பட்ட ஆணைகளைத் தொடர்ந்து ரத்து செய்துவருகிறது. ஆணை ரத்தாகும்போது கைதி பல மாதங்களைச் சிறையில் கழித்திருப்பார். இத்தனைக்குப் பிறகும் ரவுடித்தனம் ஒழியவில்லை என்று அதே தொலைக்காட்சி விவாதத்தில் குறைப்பட்டுக்கொள்கிறோம். நாற்பது ஆண்டுகளாகக் கொடுத்துவரும் மருந்து கேட்கவில்லை என்றால், அளவைக் கூட்டச் சொல்வதற்கு முன் மருந்தையே சந்தேகிக்க வேண்டாமா?

உண்மையில் ஆபத்தானவர்கள்தான் உள்ளே இருக்கிறார்களா என்று பார்த்தால் இன்னும் கசப்பான விடை கிடைக்கும். கூலிப்படை வைத்திருப்பவருக்கு ஜாமீன்தாரர் கிடைப்பார், மூத்த வழக்கறிஞர் கிடைப்பார், உயர் நீதிமன்றம் வரை போகப் பணம் கிடைக்கும். செல்பேசி திருடியதாகப் பிடிபட்டவருக்கு இவற்றில் எதுவும் கிடைக்காது. பணத்தையும் சொத்தையும் சல்லடையாக வைத்தால் தங்கிப்போவது ஏழைகள், நழுவிப்போவது வசதி படைத்தவர்கள். ஆபத்துக்கும் இந்தச் சல்லடைக்கும் சம்பந்தமே இல்லை. விசாரணைக் கைதிகளில் மூன்றில் இரண்டு பங்கினர் பத்தாம் வகுப்பைத் தாண்டாதவர்கள். 2011 மக்கள்தொகையில் 16.6 விழுக்காடான தலித்துகள் விசாரணைக் கைதிகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர். 14.2 விழுக்காடான முஸ்லிம்களின் பங்கும் அதை ஒட்டியே வருகிறது. இவர்கள்தான் நாட்டில் அதிகம் குற்றம் செய்கிறார்கள் என்று ஒருவர் சொல்லத் துணிந்தால், அதைத் தீர்ப்புகளைக் கொண்டு நிரூபிக்க வேண்டும். தீர்ப்புதான் இன்னும் வரவில்லை.

மூன்றாவது கூற்றைத்தான் நிதானமாக எதிர்கொள்ள வேண்டும். வழக்கு தேறாது, ஆகவே விசாரணைக்காலச் சிறைவாசமாவது கிடைக்கட்டும் என்ற எண்ணம் பொதுமக்களிடம் மட்டும் இல்லை. சட்டத்திலேயே அது புகுந்துவிட்டது. 2008இல் சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டத்தில், அதாவது ஊபாவில், 43டி(5) பிரிவு சேர்ந்தது. குற்றச்சாட்டு முதல் தோற்றத்தில் உண்மை என்று நம்ப இடமிருந்தால் ஜாமீன் தரக் கூடாது என்பது அதன் சாரம். 2019இல் வட்டாலி வழக்கில், அந்தக் கட்டத்தில் சாட்சியங்களை ஆழமாக எடைபோடக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. போலீஸ் எழுதியதை ஏறக்குறைய அப்படியே ஏற்றுக்கொண்டு, எதிர்த்தரப்பு சோதித்துப் பார்க்க வழியில்லாமல், ஆண்டுக்கணக்கில் ஒருவரை அடைக்கலாம் என்பதுதான் இதன் விளைவு. நாடாளுமன்றத்தில் அரசே தந்த தகவல்படி 2016 முதல் 2019 வரை ஊபாவில் கைதானவர்கள் 5,922 பேர், தண்டனை பெற்றவர்கள் 132 பேர். இந்த இரண்டு எண்களையும் வகுத்து, தண்டனை விகிதம் 2 விழுக்காடு என்று எழுதுபவர்கள் உண்டு. அது தவறான கணக்கு. கைதான பலரின் வழக்குகள் முடியவே இல்லை, முடிந்த வழக்குகள் முந்தைய ஆண்டுகளைச் சேர்ந்தவையாக இருக்கலாம். சரியாகப் படித்தால் இந்த எண்கள் அதைவிட மோசமான ஒன்றைச் சொல்கின்றன. கைது ஆயிரக்கணக்கில் நடக்கிறது, விசாரணை முடிவதே அரிது. சட்டவிரோதப் பணப் பரிமாற்றத் தடுப்புச் சட்டத்திலும் இதே கதை. 2014 முதல் பத்தாண்டில் 5,297 வழக்குகள், 40 தண்டனைகள் என்று 2024 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தில் பதில் வந்தது.

திருச்சி மாவட்டம் விரகாலூரில் பிறந்து ஜார்க்கண்ட் ஆதிவாசிகளிடையே வாழ்ந்த பாதிரியார் ஸ்டேன் சுவாமி 2020 அக்டோபரில் ஊபா சட்டத்தில் கைதானார். வயது 83, நடுக்குவாத நோயாளி. ஜாமீன் மனுக்கள் தள்ளுபடியாயின. 2021 ஜூலை 5 அன்று மும்பை மருத்துவமனையில் விசாரணைக் கைதியாகவே இறந்தார். அவர் குற்றவாளியா இல்லையா என்று இனி எந்த நீதிமன்றமும் சொல்லப்போவதில்லை. விசாரணைக்காலச் சிறைவாசமே போதுமான தண்டனை என்ற கொள்கை தன் கடைசி எல்லைக்குப் போகும்போது இப்படித்தான் முடிகிறது: தண்டனை நிறைவேறிவிடும், தீர்ப்பு வராது.

இந்தக் கொள்கை விசாரணையை எப்படிக் கெடுக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். கைது செய்தவுடன் பத்திரிகையில் படம் வருகிறது, குற்றவாளி பிடிபட்டார் என்று பொதுமக்கள் நிம்மதி அடைகிறார்கள். சாதாரண வழக்குகளில் 60 அல்லது 90 நாளுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யாவிட்டால் கட்டாய ஜாமீன் கிடைத்துவிடும் என்பதால், அந்தக் கெடுவுக்குள் ஏதோ ஒன்றைத் தாக்கல் செய்தாக வேண்டிய அவசரம் காவல் துறைக்கு இருக்கிறது. அதற்குப் பிறகு அவசரம் எதுவும் இல்லை. தடயவியல் அறிக்கை மெதுவாக வரலாம், சாட்சிகளுக்குச் சம்மன் போகாமல் இருக்கலாம், விசாரணை அதிகாரி மாற்றலாகிப் போயிருக்கலாம். குற்றம் சாட்டப்பட்டவர்தான் உள்ளே இருக்கிறாரே என்ற நினைப்பு எல்லோரையும் அமைதிப்படுத்திவிடுகிறது. வழக்கு பலவீனமாக இருக்கிறது, ஆகவே முன்கூட்டியே அடைக்கிறோம். முன்கூட்டியே அடைத்துவிட்டதால் வழக்கைப் பலப்படுத்த யாருக்கும் நெருக்கடி இல்லை. பாலியல் வன்கொடுமை வழக்குகளில் தண்டனை விகிதம் அண்மை ஆண்டுகள் பலவற்றில் 27, 28 விழுக்காட்டிலேயே நின்றது. கைது செய்து அடைப்பதில் நாம் குறை வைக்கவில்லை. குறை அதற்குப் பிறகு நடக்க வேண்டிய வேலையில் இருக்கிறது. அதே சமயம் சிறு வழக்குகளில் இன்னொரு அவலம் நடக்கிறது. ஏற்கெனவே உள்ளே இருந்த காலம் தண்டனையில் கழிந்துவிடும் என்பதால், செய்யாத குற்றத்தையும் ஒப்புக்கொண்டு வெளியே வந்துவிடலாம் என்று ஏழைக் கைதி முடிவு செய்கிறார். அது தண்டனைப் பட்டியலில் ஒரு வெற்றியாக ஏறுகிறது. அவர் பெயரில் நிரந்தரமாக ஒரு குற்றப்பதிவும் ஏறுகிறது.

பாதிக்கப்பட்டவரின் நிலை என்ன என்று கேட்கலாம், கேட்க வேண்டும். சாதி வன்கொடுமை வழக்கில் ஜாமீனில் வந்தவர் அதே தெருவில் மார்தட்டி நடக்கிறார், சாட்சிகள் பிறழ்ந்துபோகிறார்கள். இது கற்பனை இல்லை. ஆனால் இதற்குச் சட்டத்தில் ஏற்கெனவே வழி உண்டு. தப்பி ஓடுவார், சாட்சியைக் கலைப்பார், மறுபடியும் குற்றம் செய்வார் என்று பார்க்கும் நீதிமன்றம் ஜாமீனை மறுக்கலாம், கொடுத்ததை ரத்தும் செய்யலாம். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 15ஏ பிரிவு, ஜாமீன் விசாரணையில் பாதிக்கப்பட்டவரின் குரலைக் கேட்க வேண்டும் என்கிறது. 2018இல் உச்ச நீதிமன்றம் சாட்சிகள் பாதுகாப்புத் திட்டத்துக்கு ஒப்புதல் தந்து, நாடு முழுதும் நடைமுறைப்படுத்தச் சொன்னது. அந்தக் கருவிகளை ஆள் பார்த்து, ஆபத்தின் அளவு பார்த்துப் பயன்படுத்தச் சொல்வது நியாயமான கோரிக்கை. மிரட்டும் ஆதிக்கசாதிப் பணக்காரர் ஒருவரைக் காரணம் காட்டி, ஜாமீன்தாரர் இல்லாத ஆயிரம் கூலித் தொழிலாளிகளை அடைத்து வைப்பதால் அந்தத் தெருவில் இருக்கும் சாட்சிக்கு ஒரு பாதுகாப்பும் கூடுவதில்லை.

இத்தனை நீதிபதிகளுக்கு எங்கே போவது, விசாரணையை விரைவாக முடிப்பது நடக்கிற காரியமா என்பது கடைசியாக வரும் சலிப்பு. 1987இலேயே சட்ட ஆணையம் பத்து லட்சம் பேருக்கு 50 நீதிபதிகள் வேண்டும் என்று பரிந்துரைத்தது. இன்று இருப்பது அதில் பாதிகூட இல்லை. அதைச் சரிசெய்யக் காலமும் பணமும் வேண்டும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். பணம் வேண்டாத வேலைகளும் இருக்கின்றன. 1979இல் ஹுசைனாரா காத்தூன் வழக்கில், தங்கள் குற்றத்துக்கு விதிக்கக்கூடிய அதிகபட்சத் தண்டனையைவிட நீண்ட காலம் விசாரணைக் கைதிகளாகக் கிடந்த பீகார் ஏழைகளை உச்ச நீதிமன்றம் கண்டது. அதற்கு நாடாளுமன்றம் தந்த விடை 2005இல்தான் வந்தது: அதிகபட்சத் தண்டனையில் பாதியை உள்ளே கழித்தவரை விட வேண்டும் என்ற, குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 436ஏ பிரிவு. அந்தச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 479ஆம் பிரிவு, முதல்முறை குற்றம் சாட்டப்பட்டவருக்கு அதை மூன்றில் ஒரு பங்காகக் குறைத்தது. சிறைக் கண்காணிப்பாளரே நீதிமன்றத்துக்கு எழுத வேண்டும் என்றும் சொன்னது. நல்ல திருத்தம். ஆனால் அதே பிரிவின் இரண்டாவது உட்பிரிவு, ஒன்றுக்கு மேற்பட்ட குற்றமோ பல வழக்குகளோ ஒருவர்மேல் நிலுவையில் இருந்தால் அவரை விடக் கூடாது என்கிறது. வீடு புகுந்து திருடியதாக ஒரு முதல் தகவல் அறிக்கை எழுதினாலே அத்துமீறி நுழைந்தது ஒரு குற்றம், திருடியது இன்னொரு குற்றம் என்று இரண்டு பிரிவுகள் சேர்ந்துவிடும். முதல் பகுதி திறந்த கதவை இரண்டாம் பகுதி சாத்திவிடுகிறது. அந்த ஒரு வரியை நீக்கப் புதிய நீதிமன்றமோ புதிய நீதிபதியோ ஒரு ரூபாய் ஒதுக்கீடோ தேவையில்லை. நாடாளுமன்றத்தில் ஒரு திருத்த மசோதா போதும். ஜாமீனால் நாடு கெடுகிறது என்று பேசுவோர், அந்தத் திருத்தம் வரும் நாளில், சட்டம் குறித்த காலத்தைச் சிறையில் கழித்து முடித்தவரை இன்னும் எந்தக் காரணத்துக்காக உள்ளே வைத்திருக்க வேண்டும் என்று சொல்லட்டும்.